அடுப்படி வானொலியில் அப்பாவின் பட்டியல்

இங்கே வந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. குடிதண்ணீர் கேனில் வருவது பழகிவிட்டது. பைபாஸில் நாள் முழுக்க லாரி ஓடும் சத்தம் பழகிவிட்டது. தெருவில் யார் என்ன குழம்பு வைக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிவதும் பழகிவிட்டது. இன்னும் பழகாதது ஒரு அரை மணி நேரம்தான். மலேசியாவுக்கும் இந்தியாவுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். இரண்டோ மூன்றோ என்று இருந்தால் மனம் சட்டென்று கழித்துக்கொள்ளும். இந்த அரை இருக்கிறதே, அது தினமும் காலையில் என்னைக் குழப்புகிறது. இங்கே சென்னை வானகரத்தில் ஏழு மணிக்குத் தோசைக்கல்லைப் போடும்போது தெலுக் இந்தானில் ஒன்பதரை. அங்கே அப்பா பசியாறி முடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அடுப்படி நாற்காலியில் உட்கார்ந்து வானொலியின் ஓசையைக் கூட்டும் நேரம் அது. இந்தக் கணக்கை நான் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. தவறவிட்டால் அவரையே தவறவிட்டதுபோல் இருக்கும்.

மலேசியாவில் இருக்கும் உங்களுக்கு நான் எந்த நிகழ்ச்சியைச் சொல்கிறேன் என்று இதற்குள் தெரிந்திருக்கும். காலை ஒன்பதரைக்கு அறிவிப்பாளர் ஒரு கேள்வி கேட்பார். சின்ன வயதில் உங்களுக்குப் பிடிக்காத காய்கறி எது, முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள், இப்படி ஏதாவது. நேயர்கள் அழைத்துப் பதில் சொல்வார்கள். ஆனால் யாரும் பதில் சொல்வதற்காக அழைப்பதில்லை. கடைசியில் பெயர்ப்பட்டியல் சொல்லத்தான் அழைக்கிறார்கள். இந்தப் பாடலை என் மனைவிக்கு, மகன்களுக்கு, மருமகள்களுக்கு, பேரப்பிள்ளைகளுக்கு, பக்கத்து வீட்டுக்காரருக்கு, உடம்பு முடியாமல் இருக்கும் சித்தப்பாவுக்கு என்று ஒரு குடும்ப அட்டையையே வாசித்து முடித்துவிட்டுத்தான் போனை வைப்பார்கள். அறிவிப்பாளர் பாவம், நடுவில் இரண்டு முறை சரிங்க சரிங்க என்று சொல்லிப் பார்ப்பார். இந்தியாவில் இருப்பவர்களுக்கு இது விளையாட்டாகத் தெரியலாம். எங்களுக்கு அது கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடுவது மாதிரி. யார் பெயர் வந்தது, யார் பெயர் விட்டுப்போனது என்று சாயங்காலம் வரை பேச்சு ஓடும். பெரியம்மா ஒருவர் தன் பெயர் விட்டுப்போனதற்காக எங்கள் வீட்டுத் தீபாவளிக்கே வராமல் இருந்தார்.

எங்கள் வீட்டில் அந்த நிகழ்ச்சி அம்மாவுடையது. அப்பா செம்பனை எண்ணெய், அதாவது பாமாயில், ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவருடைய வானொலி லாரிக்குள் இருந்தது, அம்மாவுடையது அடுப்படி ஜன்னலோரத்தில் ஆணியில் தொங்கியது. யாராவது பட்டியல் வாசிக்கும்போது நாங்கள் மிக்ஸியைப் போடக்கூடாது, குழாயைத் திறக்கக்கூடாது. அம்மா போன பிறகு அப்பா லாரியை விட்டார். அடுப்படி அவருக்கு வந்தது, வானொலியும் வந்தது. அதுவரை யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனிதர் ஒரு நாள் அந்த நிகழ்ச்சிக்குப் போன் போட்டார். அப்புறம் செவ்வாயும் வெள்ளியும் அவர் குரல் வராமல் இருந்ததில்லை. அறிவிப்பாளர்களே அவரைத் தெலுக் இந்தான் ராமையா ஐயா என்று பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அந்த மனிதர்தான் என்னிடம் மட்டும் பேசுவதை நிறுத்தினார். என் கணவர் குமரேசன் வானகரத்துக்காரர். கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத்தில் வேலை பார்க்க வந்த இடத்தில் பழக்கமாகிக் கல்யாணம் செய்துகொண்டோம். கல்யாணத்துக்கு அப்பா சம்மதித்தார். அவர் ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தார், மாப்பிள்ளை இங்கேயே இருப்பாரா என்று. இருப்பேன் என்று குமரேசனும் சொன்னார், பொய்யாகச் சொல்லவில்லை. மூன்றாம் வருடம் மாமனார் திடீரென்று இறந்துபோனார். அத்தை இந்த வீட்டில் தனியாக நின்றார். ஒரு பக்கம் தனியாக என் அப்பா, இன்னொரு பக்கம் தனியாக அவர் அம்மா. என் தம்பி சிவா ஜொகூரில் இருக்கிறான், நாலு மணி நேரமோ ஐந்து மணி நேரமோ காரில் வந்துவிடலாம். இங்கே அத்தைக்கு ஒரு மகள்தான், அவளும் கட்டிக்கொடுத்த இடத்தில். எப்படிப் பார்த்தாலும் நாங்கள்தான் கிளம்ப வேண்டியிருந்தது. அப்பா விமான நிலையத்துக்கு வரவில்லை. வீட்டு வாசலிலேயே போறேன்னா போ என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு நான் எத்தனை முறை அழைத்தும் எடுக்கவில்லை. சிவாவிடம் கேட்டால் நல்லாதான் இருக்காரு என்பான். நல்லாதான் என்பதற்குள் எதுவும் அடங்கும். இருமல் இருக்கிறதா, ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா, படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா, எதுவும் எனக்குத் தெரியாது. அவர் குரலைக் கேட்டால் தெரிந்துவிடும். என்னோடு பேசாவிட்டால் போகட்டும், ஊரோடு பேசுவதையாவது கேட்கலாம் என்றுதான் வானொலி வாங்க நினைத்தேன்.

கைப்பேசியிலேயே கேட்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அந்த ஒரு மணி நேரம் என் கைப்பேசி எனக்கு இல்லை. என் நாத்தனார் செல்வி கள்ளிக்குப்பத்தில் இருக்கிறாள். பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் தினமும் காலை ஏழு மணிக்குத் தாயும் மகளும் முகம் பார்த்துப் பேசியாக வேண்டும். அத்தையிடம் இருப்பது பொத்தான் போன், அதில் முகம் தெரியாது. குமரேசனின் போன் அவரோடு அம்பத்தூர் எஸ்டேட்டுக்குக் கம்பெனி வேனில் ஏறத் தயாராகிக்கொண்டிருக்கும். ஆகவே என் போன் கூடத்துக்குப் போய்விடும். அத்தை அதைக் கண்ணாடி போல் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, நேற்று என்ன சமைத்தாய் என்பதில் தொடங்கி ஒரு சுற்றுச் சுற்றி வருவார். அந்தப் போனைத் தரமாட்டேன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பக்கத்தூர் மகளிடம் தினமும் பேசும் ஒரு தாயைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அம்பத்தூர் கடைத்தெருவில் ஒரு மின்பொருள் கடைக்குப் போய், சமையலறைக்கு ஒரு டிஜிட்டல் வானொலி வேண்டும், எடுத்துப்போகிற மாதிரி சிறியதாக இருக்கட்டும் என்று கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நீங்க தமிழ் டீச்சரா மேடம் என்றார். மலேசியாவில் வானொலியை வானொலி என்றுதான் சொல்வோம், ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர் முதல் வக்கீல் வரை. இங்கே அந்தச் சொல்லைக் கேட்டதும் பரீட்சைத் தாள் நினைவுக்கு வந்துவிடுகிறது போலிருக்கிறது. ரேடியோ என்று திருத்திக்கொண்டேன். அவர் ஒரு சிவப்புப் பெட்டியை எடுத்து வைத்தார். அதில் டார்ச் இருந்தது, பென் டிரைவ் சொருக இடம் இருந்தது, எண்கள் பச்சையாக எரிந்தன. மலேசிய வானொலி வருமா என்று கேட்டேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"எல்லாம் வரும் மேடம். டிஜிட்டல் இது. நம்பர் எரியுது பாருங்க."

இந்த ஊரில் நான் கற்றுக்கொண்டது, எந்தக் கடைக்காரரும் இல்லை என்ற வார்த்தையைச் சொல்லமாட்டார். தெலுக் இந்தானில் நம் சீனக் கடைக்காரர் தலையைக்கூட நிமிர்த்தாமல் இல்லை என்று மலாயில் சொல்லி அனுப்பிவிடுவார், நமக்கும் கோபம் வராது. இங்கே இல்லை என்று சொல்வது வாடிக்கையாளரை அவமதிப்பதாகும். வரும் என்று சொல்வது மரியாதை, வந்தே தீரும் என்ற உத்தரவாதம் அல்ல. அது தெரியாமல் நான் அதை நம்பி வாங்கி வந்தேன். அடுப்படி ஜன்னலில் வைத்து, கம்பியை முழு நீளத்துக்கு இழுத்து, எண்களை ஒவ்வொன்றாக நகர்த்தினேன். சென்னை எஃப்எம் எல்லாம் கணீரென்று வந்தன. மலேசியா வரவில்லை. கம்பியைக் கடல் இருக்கும் கிழக்குப் பக்கம் திருப்பி வைத்தேன். வாணலியைக் கழற்றிவிட்டு அதன் ஆணியில் பெட்டியை மாட்டினேன். மொட்டை மாடிக்கும் கொண்டுபோனேன். அத்தை மாடிப்படியில் நின்று என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இன்னாத்தக் காய வெக்கிற என்று கேட்டார்.

சாயங்காலம் குமரேசன் வந்து சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார். எஃப்எம் அலை இரண்டு பேட்டை தாண்டுவதே பெரிய பாடு, அது கடல் தாண்டி வருமா என்றார். எண் எரிந்தால் டிஜிட்டல் ஆகிவிடாது, நான் கேட்பது இன்டர்நெட்டில் இருக்கிறது, வீட்டு வைஃபையைப் பிடிக்கிற வானொலி வேண்டும் என்று விளக்கினார். அந்தச் சிவப்புப் பெட்டியை அத்தை எடுத்துக்கொண்டார். துணி துவைக்கும் இடத்தில் இப்போது அதுதான் பக்திப் பாட்டுப் பாடுகிறது.

இரண்டாவது முறை நான் அவசரப்படவில்லை. மின்சாரம் போனாலும் பாட வேண்டும், ஆகவே பேட்டரி வேண்டும். ஈரக்கையோடு தொட வேண்டும், ஆகவே தொடுதிரை வேண்டாம், திருகும் குமிழ் வேண்டும். குக்கர் விசில் அடிக்கும்போதும் பேச்சு புரிய வேண்டும். எண்ணெய்ப் பிசுக்குத் துடைக்கச் சுலபமாக இருக்க வேண்டும். பேசினால் பதில் சொல்லும் உருண்டை ஒன்றைக் குமரேசன் யாரிடமோ இரவல் வாங்கி வந்தார். தெலுக் இந்தான் என்று நான் சொல்லச் சொல்ல அது தெலுங்குப் பாட்டாகப் போட்டது. இரண்டே நாளில் அதை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தோம். கடைசியில் வைஃபை வானொலி ஒன்றை ஆன்லைனில் தேடிப் பிடித்தோம். சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, மேலே கைப்பிடி, ஓரத்தில் ஒரே ஒரு குமிழ். அதில் நாடுகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. மலேசியாவைத் தேர்ந்தெடுத்து, தமிழைத் தேர்ந்தெடுத்து, குமிழை ஒரு அழுத்து அழுத்தியதும் எங்கள் அறிவிப்பாளர் வணக்கம் சொன்னார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தது வசதியாகப் போயிற்று.

முதல் செவ்வாய்க்கிழமையே அப்பா வந்தார். குரலில் இருமல் இல்லை. மூச்சு வாங்கவில்லை. அன்றைய கேள்வி மறக்கமுடியாத மழை எது என்பது. லாரி வெள்ளத்தில் நின்ற கதையை நிறுத்தாமல் சொன்னார், நடுவில் சிரிக்கக்கூடச் செய்தார். இங்கே வந்த பிறகு முதல் முறையாக என் மனப்பாரம் இறங்கியது. அவர் நன்றாக இருக்கிறார், அதை யார் சொல்லியும் நான் நம்ப வேண்டியதில்லை, என் காதாலேயே கேட்டுவிட்டேன். பிறகு பட்டியல் வந்தது. மகன் சிவா, மருமகள் தேவி, இரண்டு பேரப்பிள்ளைகள், பக்கத்து வீட்டு ஆ மெங், ஆ மெங்கின் அம்மா, கோயில் தலைவர், எங்கள் வீட்டுப் பூனை மணி. அவ்வளவுதான். அப்புறம் பாட்டு.

அத்தை கூடத்திலிருந்து போனைக் கையில் பிடித்தபடியே எழுந்து அடுப்படி வாசலுக்கு வந்து நின்றிருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன். உங்கப்பாரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். திரும்பிப் போனார். நான் தோசையைத் திருப்பினேன். பெயர் வராததில் வலி இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் அன்று நாள் முழுக்க எனக்கு நிம்மதிதான் பெரிதாக இருந்தது. கோபத்தில் இருப்பவர் உடம்பு நன்றாக இருப்பவர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இதற்கு முன்னால் அத்தை அந்த வானொலியை ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வந்த முதல் மூன்று நாளும் அது என்ன பாஷை என்றே கேட்டுக்கொண்டிருந்தார். தமிழ்தான் அத்தை என்றால் தமிழ் மாதிரி கீது என்பார். யாரோ ஒரு ஊரில் மழை பெய்தால் நமக்கு என்ன, எங்கேயோ ரோட்டில் வண்டி நின்றால் நமக்கு என்ன என்று முணுமுணுப்பார். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவருடைய நாற்காலி கூடத்திலிருந்து அடுப்படி வாசலுக்கு நகர்ந்துவிட்டது. செல்வியோடு பேசுவது நிற்கவில்லை. ஆனால் பேச்சு இப்போது மலேசியாவைப் பற்றி. கோலாலம்பூர் நெடுஞ்சாலையில் காலையிலேயே நெரிசல் என்று கள்ளிக்குப்பத்துக்குச் செய்தி போனது. ஜொகூரில் வெள்ளம் என்றதும் உன் தம்பி ஊடு மேட்டுலதானே கீது என்று என்னிடம் விசாரித்தார். பைபாஸில் அவர் மகன் போகும் வேன் நெரிசலில் மாட்டினால்கூட அவ்வளவு கவலைப்பட்டதில்லை.

வெள்ளிக்கிழமையும் அப்பா வந்தார், அடுத்த செவ்வாயும் வந்தார். ஒவ்வொரு தடவையும் நான் அடுப்பைச் சிறியதாக்கிவிட்டு நின்றேன். ஒவ்வொரு தடவையும் பட்டியல் பூனையோடு முடிந்தது. மூன்றாவது வாரம் அத்தைக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா மனுசன்மா உங்கப்பாரு. பூனைக்குப் பேரு சொல்றாரு, பெத்த பொண்ணு பேரு வாயில வரலியா?"

அவருக்குக் கோபம் அத்தை, விடுங்கள் என்றேன். நீயே அந்த ரேடியோவுக்குப் போன் பண்ணிச் சொல்லேன் என்றார். நான் அதை யோசிக்காமல் இல்லை. இப்போது வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினாலும் ஒலிபரப்புகிறார்கள், அந்த எண்ணைத் தினமும் மூன்று முறை வாசிக்கிறார்கள். ஆனால் நாடே கேட்கிற இடத்தில் மகள் வந்து அப்பா என்று கெஞ்சினால் அவருக்கு அது தலைகுனிவு. அதற்குப் பிறகு அவர் அங்கே பேசவே மாட்டார். எனக்கு இருக்கும் ஒரே வழியும் அடைபட்டுவிடும். அதனால் வேண்டாம் என்றேன். அத்தை சரி என்று தலையை ஆட்டினார். இங்கே வரும் என்பதற்கு இருக்கும் பொருள்தான் சரி என்பதற்கும் என்று நான் அன்றைக்கே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை செல்வி பிள்ளைகளோடு வந்தாள். தாயும் மகளும் மிளகாய் காய வைக்கிறோம் என்று மொட்டை மாடிக்குப் போய் வெகு நேரம் இறங்கவில்லை. திங்கட்கிழமை காலை நான் சட்னி தாளித்துக்கொண்டிருந்தேன். அறிவிப்பாளர், இன்று தமிழ்நாட்டிலிருந்து நமக்கு ஒரு குரல் வந்திருக்கிறது என்றார். அடுத்து வந்தது அத்தையின் குரல்.

"வணக்கம்பா. நான் மெட்ராஸ் வானகரத்துலேர்ந்து தனலட்சுமி பேசறேன். தெலுக் இந்தான் ராமையா கீறாரே, அவுரு என் சம்மந்தி. சம்மந்தி, நீங்க பேரு சொல்றத வாராவாரம் கேட்டுகினுதான் கீறோம். இங்க ஒரு பொண்ணு அடுப்பாண்ட நின்னுகினு தம்பேரு வருமா வருமான்னு பாத்துகினு கீது. அதுக்கு இங்க ஒரு கொறையும் இல்ல, நான் பாத்துக்கிறேன். நான் ஒண்டியாப் பூட்டேன்னுதான் அது இங்க வந்துச்சு. கோவத்த என் மேல வெச்சுக்கோங்க. அது பேர மட்டும் சொல்லிடுங்க."

கடுகு கருகிப் புகைந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். அத்தை வாசல் நாற்காலியில் போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, திருடி மாட்டிக்கொண்டவர் முகத்தோடு உட்கார்ந்திருந்தார். எனக்குக் கோபம் வந்தது, அழுகை வந்தது, அப்படியே ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் என்றும் இருந்தது. கடைசியில் பயம்தான் எல்லாவற்றையும் முந்திக்கொண்டது. அப்பாவை எனக்குத் தெரியும். வீட்டுக்குள் உள்ள சண்டை வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்பவர். ஏன் அத்தை இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் எழுந்து துணி துவைக்கும் இடத்துக்குப் போய்விட்டார். அன்றைக்குக் காலையில் அவர் சாப்பிடவும் இல்லை.

நான் பயந்ததுதான் நடந்தது. செவ்வாய்க்கிழமை அப்பா அழைக்கவில்லை. வெள்ளிக்கிழமையும் அழைக்கவில்லை. என்ன ஐயாவைக் காணோமே என்று அறிவிப்பாளரே கேட்டார். சிவாவுக்கு அடித்தேன். அப்பா ஒன்றுமே சொல்லவில்லை, கோயிலுக்குப் போகிறார், வருகிறார், வானொலியைப் போடுவதில்லை, அதன் மேல் துண்டைப் போட்டு மூடி வைத்திருக்கிறார் என்றான். அந்த வாரம் எங்கள் வீட்டில் நிகழ்ச்சி ஓடியது, ஆனால் யாருக்கும் அதில் மனம் போகவில்லை. அத்தை செல்வியோடு பேசுவதைக்கூடச் சுருக்கிக்கொண்டார். ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"நான் கெடுத்துட்டேனாம்மா? எனக்கு வாய் கொஞ்சம் நீளம். உனக்கு இருந்த ஒரு வழியையும் அடைச்சிட்டேன்."

இல்லை அத்தை என்றேன். முழு மனதோடுதான் சொன்னேன். அப்பா பேசாமல் போய்விடுவார் என்ற பயம் ஒரு பக்கம் அப்படியே இருந்தது. ஆனால் இந்த நாட்டில் எனக்காக ஒருவர் மாடியேறி மிளகாய் நடுவில் உட்கார்ந்து, மகளின் போனில் தெரியாத ஒரு நாட்டைப் பார்த்துப் பேசியிருக்கிறார். நான் இங்கே வந்ததிலிருந்து விருந்தாளியாகவே இருந்தேன் என்பது எனக்கு அந்தக் கீரைக் கட்டு முன்னால்தான் புரிந்தது. அன்றிலிருந்து அப்படி இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை, உங்களுக்கு யார் மேல் கோபம் வந்தால் சீக்கிரம் போகாது என்று கேள்வி வைத்தார்கள். யார் வைத்த கேள்வியோ, வேண்டுமென்றே வைத்ததோ எனக்குத் தெரியாது. குமரேசனின் வேன் போய்விட்டது. அத்தை வழக்கம்போல வாசலில் என் போனில் செல்வியோடு. மூன்று பேர் பதில் சொன்னார்கள். நான்காவதாகத் தெலுக் இந்தான் ராமையா ஐயா வந்திருக்கிறார் என்று அறிவிப்பாளர் சொன்னபோது அவர் குரலிலேயே ஒரு சந்தோஷம் தெரிந்தது. நான் அடுப்பை அணைத்தேன்.

அப்பா கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. அதை விடுங்க தம்பி, பேரை மட்டும் சொல்லிக்கிறேன் என்றார். சிவா, தேவி, பேரப்பிள்ளைகள், ஆ மெங், ஆ மெங்கின் அம்மா எல்லாம் வரிசையாக வந்தார்கள். பிறகு தொண்டையைச் செருமினார்.

"வானகரத்துல இருக்கிற சம்மந்தியம்மா தனலட்சுமி அவங்களுக்கு. மாப்பிள்ளை குமரேசனுக்கு. அங்க அடுப்படியில நிக்கிற என் மக யோகேஸ்வரிக்கு. அவ்வளவுதான் தம்பி. பூனைக்கு இன்னிக்கு வேணாம்."

அறிவிப்பாளர் சிரித்தார். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கு நினைவில்லை. என் முழுப் பெயரை அப்பா வாயால் நான் கேட்டது என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளில்தான். மற்றபடி எப்போதும் யோகாதான். அறிவிப்பாளர் அவரை விடவில்லை, எப்படி இருக்கிறீர்கள், இத்தனை நாள் எங்கே போனீர்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அப்பா அதற்கு ஏதோ மழுப்பிக்கொண்டிருந்தார். அப்போது அத்தை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, போனை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு வந்தார்.

"செல்வி லைன் கட்டாயிட்ச்சு. உங்கப்பாரு கூப்புடுறாரு பாரு."

எனக்குப் புரியவில்லை. அப்பா வானொலியில் அல்லவா இருக்கிறார். அங்கே அறிவிப்பாளரோடு பேசிக்கொண்டிருப்பவர் இங்கே எப்படி அழைப்பார். போனைக் காதில் வைத்த பிறகும் எதிரே அலமாரியில் இருந்த வானொலியில் அவர் பேசிக்கொண்டேதான் இருந்தார். யோகா என்று காதுக்குள் ஒரு குரல் கேட்டது. அதே நேரத்தில் அலமாரியிலிருந்து அதே குரல், சரி தம்பி வச்சிடறேன் என்றது. பிறகுதான் விளங்கியது. அவர் வீட்டுக்குக் காற்றில் உடனே போவது எனக்கு இன்டர்நெட்டில் சுற்றிக்கொண்டு வர அரை நிமிடத்துக்கு மேல் ஆகிறது. அவர் அங்கே பேசி முடித்துப் போனை வைத்து, கையோடு எனக்கும் அடித்துவிட்டார். வானொலியில் இருந்தவர் அரை நிமிடத்துக்கு முந்தைய அப்பா.

"கேக்குதா அங்க?"

"கேக்குதுப்பா."

"என்னா வானொலி வாங்கின? பேட்டரியா, கரண்டா?"

ரெண்டும்தான் என்றேன். அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதே, எண்ணெய் பட்டுவிடும் என்றார். சரிப்பா என்றேன். ஜன்னலோரமாக வை என்றார். அதற்கும் சரிப்பா என்றேன். பதினான்கு மாதம் பேசாமல் இருந்த பிறகு அவருக்குச் சொல்ல இருந்தது அவ்வளவுதான், எனக்கும் அது போதுமாக இருந்தது. பாட்டுப் போடுறான், கேளு என்றார். போனை வைக்கவில்லை.

அவருடைய அடுப்படியில் பாட்டு ஆரம்பித்தது போனில் கேட்டது. என் அடுப்படியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பக்கம் பல்லவி முடிகிற நேரத்தில் என் பக்கம் அதே பாட்டின் முதல் இசை எழுந்தது. வலது காதில் தெலுக் இந்தான் முன்னால் போய்க்கொண்டிருந்தது. இடது காதில் வானகரம் அதன் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. எந்த வரியும் ஒன்றாகச் சேரவில்லை. அத்தை வானொலியின் ஓசையைக் குறைக்கக் கையை நீட்டினார். வேண்டாம் என்று சைகை காட்டிவிட்டு, இரண்டையும் கேட்டுக்கொண்டு நடுவில் நின்றேன்.